வீராசாமியின் வலது கால்

வலது காலைக் கழுவும்போது மட்டும் வீராசாமி ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார். குதிகாலில் ஒட்டிய பெயிண்டைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, துண்டால் ஒற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காருவார். காலை ஆறரைக்கெல்லாம் ஓரிக்கையில் அவர் வீட்டு வாசலில் இரண்டு மூன்று கழுத்துகள் காத்திருக்கும்.

தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவர் அவர். அப்படிப் பிறந்தவர் காலால் வழித்தால் சுளுக்கு போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. வந்தவர் பாயில் குப்புறப் படுக்க வேண்டும். வீராசாமி கழுத்திலிருந்து தோள்வரை மூன்று தடவை மெல்ல வழிப்பார். யாராவது ஏதாவது கொடுக்க வந்தால், "பொறந்ததுக்கு எதுக்குபா கூலி" என்று சொல்லிவிடுவார்.

நெசவுக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். அவருடைய அப்பாவைப் படியேற விடாத வீடுகளிலிருந்தும் வருவார்கள். இன்றைக்கும் அந்த வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனால் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில்தான் டீ வரும். அதே வீட்டுக் கழுத்து இங்கே அவர் காலுக்குக் கீழே பவ்யமாகப் படுத்திருக்கும். அந்த ஆறரை மணி வீராசாமிக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாசியில் அவருக்கே வந்தது. முப்பது வருஷமாக அண்ணாந்து சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்த கழுத்து. வலி அங்கே கிளம்பி, தோள் வழியாக இறங்கி, கட்டைவிரலை மரத்துப்போக வைத்தது. சுற்றுவட்டாரத்தில் கால் முன்னே பிறந்தவர் அவர் ஒருவர்தான். மனைவி அம்சா, உன் காலாலேயே முயன்றுதான் பாரேன் என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முயன்றும் பார்த்தார். கால் இடுப்பைத் தாண்டவில்லை.

தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினார். டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஷாரோன் என்ற பெண், "இது சுளுக்கு இல்லண்ணா. கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போற நரம்பை அமுக்குது" என்றாள். அண்ணாந்து வேலை செய்யக் கூடாது. தலையணை தாழ்வாக இருக்க வேண்டும். முகவாயைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் பயிற்சி தினமும் பத்துத் தடவை. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். கையில் பிடிப்பு குறைந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் ஓடி வர வேண்டும். கடைசியாக, யாராவது கால் வைத்து வழித்தார்களா, நரம்பு அமுங்கியிருக்கும்போது அது ஆபத்து என்றாள். வீராசாமி இல்லை என்றார். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு முகவாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே மற்றவர்களுக்கு வழித்தார். வந்தவர்கள் அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை, அந்தப் பேப்பர் கப் வீடுகளில் ஒன்றிலிருந்து, பட்டுத் தறி நெய்யும் கலியாணசுந்தரம் வந்தார். பாயில் படுத்தபடியே, பத்து நாளாக, தறியில் இங்குமங்கும் ஓட்டும் நாடா கையில் நிற்காமல் நழுவுகிறதென்றார். "கட்டைவெரலு மரத்துக்கினு இருக்குதுபா. ரெண்டு வழி சேத்துப் போட்டு உட்ரு."

தூக்கிய கால் அப்படியே நின்றது. அம்சா கதவருகிலிருந்து கணவனைப் பார்த்தாள். இது தன் காலுக்கு அடங்காது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் தெரு முழுக்கப் போய்விடும். நாளைக்கு இந்த வாசலுக்கு ஒரு கழுத்தும் வராது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

வீராசாமி காலைக் கீழே வைத்தார்.

"எழுந்து உக்காருங்க. இது சுளுக்கு இல்ல, நரம்பு. எனக்கும் இருக்குது. வாலாஜாபாத்ல காட்டிக்கினு இருக்கேன்."

கலியாணசுந்தரம் எழுந்து உட்கார்ந்து, அவர் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். நாடா நழுவும் அந்தக் கையில் பிடிப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று வீராசாமிக்குத் தெரிந்தாக வேண்டும். இருபது வருஷமாக அவர் மேல் வீராசாமியின் கால் பட்டிருக்கிறது; கை ஒரு நாளும் பட்டதில்லை.

"கெட்டியா புடிங்க" என்று குனிந்து, வீராசாமி தன் கையை நீட்டினார்.