வத்திப்போச்சு என்று சொன்னேன்

மகளுக்கு நாலு மாதம் முடிய, திருகோணமலை நகரில் நான் வேலை செய்த புடவைக்கடைக்குத் திரும்பிப் போனேன். குச்சவெளியில் காலையில் பஸ் ஏறினால் வீடு வந்து சேர இருட்டிவிடும். பிள்ளையை மாமி பார்த்துக்கொண்டார்.

பத்து மணிக்கே மார்பு கல்லாகிவிடும். கடையின் பின்பக்கக் கழிப்பறைக்குள் போய்ப் பாலைப் பீச்சி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். ஒருநாள் மனேஜர் கதவைத் தட்டினார்.

"என்ன தங்கச்சி, உள்ளுக்கு நித்திரையோ? ஆக்கள் நிக்கினம்."

வெளியே யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு உள்ளே போவதைக் குறைத்தேன். சேலைத் தலைப்பால் ஈரத்தை மறைத்தபடி துணி அளந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கினால் மாமி தடுப்பார்.

"பகல் முழுக்கக் கட்டிக் கிடந்த பால். வயித்தைக் குழப்பும். முதல்ல பீச்சி ஊத்து பிள்ளை."

ஊற்றிவிட்டு வருவதற்குள் மகள் போத்தல் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பாள். போகப்போக, நான் மடியில் போட்டாலே முகத்தைத் திருப்பி அழுதாள். ஒரு லீவு நாளில், பால் வற்றட்டும் என்று பழஞ்சேலையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டினேன். அப்படிக் கட்டும்படி யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் மகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கண்கள் குழி விழுந்திருந்தன. அழுதாலும் கண்ணீர் வரவில்லை. சேலைன் ஏற்றிய தாதி கேட்டார்.

"தாய்ப்பால் குடுக்கிறீங்களோ?"

"இல்லை மிஸ். வத்திப்போச்சு."

மறுநாள் காலை, பக்கத்துக் கட்டிலில் இருந்த கிண்ணியாப் பெண்ணின் குழந்தை பசித்து வீரிட்டது. என் சட்டை நனைந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குப் பால் இருக்கே அக்கா" என்றாள் மெதுவாக.

தாதி திரையை இழுத்துவிட்டு, "வச்சுப் பாருங்கோ" என்றார். வைத்தேன். மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒரு துளியை உதட்டில் தடவினேன், நாக்கால் தள்ளினாள். மூன்று நாள் முயன்றேன். சில நேரம் இரண்டு வாய் உறிஞ்சுவாள். உடனே விட்டுவிடுவாள்.

நாலாம் நாள், "ஏலாது மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

மகள் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த கிழமை சட்டைக்குள் மடித்த துணியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மார்பு உண்மையாகவே வற்ற இன்னும் இரண்டு கிழமை எடுத்தது.