மூன்று மணிப் படகு

நெடுந்தீவு அன்ரனிதாஸ் இருபத்திரண்டு வருடம் ஊர் அணிக்குத் துடுப்பெடுத்தாடியவர். ஒரு பந்தைக்கூட எல்லைக்கு வெளியே தூக்கி அடித்ததில்லை. அவருடைய ஆகக்கூடிய ஓட்டம் முப்பத்தொன்று. அதற்கு ஒரு முழுப்பகல் பிடித்தது.

குற்றம் அவரில் இல்லை, ஒழுங்கையில். சிறுவயதில் விளையாடியது இரண்டு பக்கமும் கல்வேலி நிற்கும் ஒடுக்கமான ஒழுங்கையில். சண்டைக்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து பந்து வருவது அருமை, ஒழுங்கைக்கே ஒரு ரெனிஸ் பந்துதான். அது வேலிக்கு மேலால் போனால் அடித்தவன் ஆட்டமிழந்தான். நாகதாளி முட்பற்றைக்குள் இறங்கித் தேடவும் வேண்டும். அன்ரனிதாஸ் பந்தைக் காலடியிலேயே படுக்கவைக்கப் பழகினார். அந்தப் பழக்கம் போகவில்லை. ஊர் அவருக்குக் கல்வேலி என்றே பேர் வைத்தது.

வருடத்துக்கு ஒருமுறை, படகேறி வரும் வேலணை அணியோடு கேடயப் போட்டி. அதில் ஓவர்க் கணக்குக் கிடையாது. வந்தவர்கள் போகும்வரை ஆட்டம். மூன்று மணிப் படகு ஊதினால் முடிந்தது. அதை விட்டால் அவர்கள் குறிகட்டுவான் துறைக்குப் போக வேறு படகில்லை. முடியாத ஆட்டம் சமநிலை, கேடயம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்பது வருடமாக அது நெடுந்தீவு வாசிகசாலையில் இருந்தது. படகு ஊதும்வரை அன்ரனிதாஸ் நின்றதுதான் காரணம்.

புதிய தலைவன் டிலோனுக்கு இது வெட்கமாக இருந்தது. வெல்லாமல் வைத்திருக்கிற கேடயத்தை முகநூலில் எப்படிப் போடுவது? இந்த முறை அதுவும் போனால் அண்ணை அடுத்த வருடம் வெளியே இருந்து பார்க்கலாம் என்று, கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் நேரே வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்ரனிதாஸ் அடுத்த கண்ணியைப் பொத்தினார். வயது நாற்பத்து நாலு. ஆனி மாதத்தின் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற நாளெல்லாம் முழங்காலுக்கு எண்ணெய் பூசினார்.

அன்றைக்கும் இரண்டாவதாக ஆடிய நெடுந்தீவின் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. இரண்டரைக்கு அன்ரனிதாஸ் ஏழு ஓட்டத்தோடு நின்றார். எதிர்முனையில் கடைசி ஆளாக டிலோன். மூன்று மணிக்குப் படகு ஊதியது. அன்ரனிதாஸ் கையுறையைக் கழற்றினார். வேலணைக்காரர் ஒருவரும் அசையவில்லை.

“கையுறையைப் போடுங்கோ அண்ணை,” என்றான் அவர்களுடைய தலைவன் சிவகரன். “அது சனத்தின்ர படகு. நாங்கள் இந்த முறை தனிப்படகு பிடிச்சு வந்தனாங்கள். பொழுதுபடுமட்டும் நிப்பம்.”

வந்தவர்கள் போகும்வரை ஆட்டம் என்பதுதான் விதி, நடுவரால் மறுக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சனம் சிரித்தது. கல்வேலி இன்றைக்குச் சரியும் என்று யாரோ சொன்னார்கள்.

அன்ரனிதாஸ் கையுறையைத் திரும்பப் போட்டார். பனைகளை அண்ணாந்து பார்த்தார். ஓலைகள் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. சோழகக் காற்று எழும்புகிறது. தனிப்படகு யாருடையது என்று கேட்டார். பிலிப்புவுடையது என்றான் சிவகரன். பிலிப்புவோடு பத்து வருடம் கடலுக்குப் போனவர் அவர். சோழகத்தில் வெள்ளை நுரையைக் கண்டால் பிலிப்பு யார் சொன்னாலும் நிற்கமாட்டார், படகை எடுத்துவிடுவார்.

டிலோன் நடுவில் வந்து, இனி அடித்துப் பார்ப்போமா என்றான்.

“அடிக்கவேண்டாம். நீ நிண்டாக் காணும் தம்பி.”

நாற்பது பந்து வந்தது. அவருக்கு வந்ததெல்லாம் காலடியில் படுத்தது. ஒன்று காதோரம் உரசிப் போனது. தலையை மட்டும் விலக்கினார். டிலோனும் பல்லைக் கடித்துக்கொண்டு மறித்தான். நாலு மணி ஆகுமுன் பிலிப்பு சாரத்தை மடித்துக் கட்டியபடி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

“வாறவை வாங்கோ. மற்றவை இஞ்சயே கலியாணங் கட்டிக்கொண்டு இருங்கோ. நான் வெளிக்கிடுறன்.”

சிவகரன் ஒரு ஓவருக்குக் கெஞ்சினான். பிலிப்பு ஆறு பந்துக்கு நின்றார். ஆறையும் அன்ரனிதாஸ் மறித்தார். கடைசிப் பந்தைக் குனிந்து எடுத்துச் சிவகரனின் கையில் வைத்து, படகில் பின்பக்கமாக இருக்கச் சொன்னார், முன்னால் நனையும்.

டிலோன் அவருடைய மட்டையை வாங்கிச் சுமந்துகொண்டு வந்தான்.

“அடுத்த வருசமும் நீங்கள் வரவேணும் அண்ணை.”

“யோசிச்சுச் சொல்லுறன்.”

மைதான ஓரத்தில் நின்ற அவருடைய மனைவி தேத்தண்ணியை ஊற்றி இரண்டு பேருக்கும் நீட்டினார்.

“இருந்துகொண்டு கேள் தம்பி. என்னைக் கட்டுறதுக்கு ஓம் எண்டு சொல்ல நாலு வருசம் யோசிச்ச மனுசன்.”