இங்கே இருப்பதற்கான செலவு

அந்த அட்டவணை இன்னும் என் கணினியில் இருக்கிறது. ‘அண்ணி விசா’ என்று பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தேன். இடது பக்கம் செலவு, வலது பக்கம் ஆபத்து. ஆபத்துகளுக்கெல்லாம் சிவப்பு நிறம் பூசியிருந்தேன். வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகக் கணக்குப் பார்க்கிறவன் நான். ஜெர்மனியில், இந்த ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தையெல்லாம் கொட்டிச் செய்த அட்டவணை அது. பார்க்க மிக அழகாக வந்திருந்தது. அதைத் திறந்து பார்க்கும் போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் மாரடைப்பில் போய்ப் பல வருடமாகிறது. அண்ணி ஒரே மகளைப் படிப்பித்து மியூனிக்கில் வேலைக்கு அனுப்பிவிட்டு, இங்கே மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். வயோதிபர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில், ஹைம் என்று நாங்கள் எல்லோரும் சொல்கிற இடத்தில், இருபத்தெட்டு வருடம் வேலை. கிழவர்களைத் தூக்கித் தூக்கி அவருடைய தோள்கள் ஓர் ஆண்பிள்ளையின் தோள்கள் போல அகன்றிருந்தன. மாடிப்படியில் ஏறி வரும்போதே யாருடனாவது சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு வருவார். கைகளில் எப்போதும் கிருமிநாசினி மணக்கும். என்ன கிறீம் பூசினாலும் அது போகாது. கோவில் பிரசாதம் வாங்கும் கையிலும் அதே மணம்தான் இருக்கும்.

ஊன்ட்றொப் அம்மன் கோவில் திருவிழாவில்தான் எல்லாம் தொடங்கியது. தேர் பார்க்க வந்த சனத்துக்கு நடுவே யாரோ ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார். பளபளவென்ற தாள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் தென்னை மரத்தடியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கையில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்பும் வெளிநாட்டவருக்கு நீண்டகால விசா. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு பெரிய தொகையை டொலரில் அங்குள்ள வங்கியில் வைப்பிலிட வேண்டும். மாதாமாதம் செலவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் தனி, அலுவல் பார்ப்பவரின் கூலி தனி. அண்ணி அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அடுத்த நாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

“தம்பி, இந்த வெள்ளைக்காரர் போகலாமெண்டால் எனக்கென்ன? நானும் இப்ப ஜெர்மன் பாஸ்போட்காரிதானே. நீ கணக்குப் பாத்துச் சொல்லு, எனக்குக் கட்டுமோ எண்டு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிறந்த ஊரில் கிழவியாக இருப்பதற்கு ஒரு பெண் டொலர் கட்ட வேண்டுமாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடிவரவுக் கந்தோரில் போய் நின்று, இன்னும் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம். இதற்குப் பெயர் சலுகை. இரட்டைக் குடியுரிமை கேட்டுப் பார்க்கலாமே, இப்போது ஜெர்மன் சட்டமும் இடம் கொடுக்கிறதே என்றேன். அண்ணியின் முகம் மாறிவிட்டது. “அந்த நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தனான் எண்டு எழுதிக் குடுத்துத்தான் இஞ்ச இருக்க விட்டவங்கள். இப்ப போய், என்னைத் திருப்பிச் சேருங்கோ எண்டு கேக்கிறதோ? ஏலாது. காசைக் கட்டிப்போட்டு வெளிநாட்டுக்காரியாப் போறன். அது எனக்கு மரியாதை.”

ஊர் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பனை, கிணறு, வேலி என்று உருகுகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. அவர் பார்த்து வைத்திருந்தது யாழ்ப்பாண நகரத்தில், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட, இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீடு. தன் பென்ஷனில் அங்கே இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி என்று விசாரித்து வைத்திருந்தார். அந்தத் தொழிலில் இருந்தவர் ஆகையால், கடைசிக் காலத்தில் ஒரு மனிதருக்கு எத்தனை கைகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். “இஞ்ச ஒரு நீட்டுக் கொரிடோருக்கு ரெண்டு பேர் தம்பி. அதில நானும் ஒராள்” என்பார்.

காரணம் அதுமட்டுமல்ல. அவர் வேலை செய்த இடத்தில் போர்த்துக்கல் நாட்டுக் கிழவி ஒருத்தி இருந்தாள். இங்கே தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க உழைத்தவள். நன்றாக ஜெர்மன் பேசியவள். நோய் முற்றியதும் ஜெர்மன் மொழி அவளைவிட்டுப் போய்விட்டது. தன் பாஷையில் ஒரே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாளாம், காலையிலிருந்து மாலைவரை. ஒருவருக்கும் விளங்கவில்லை. ‘அமைதியின்றி இருக்கிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதி மாத்திரை கொடுத்தார்கள். “நானும்தான் எழுதினனான்” என்றார் அண்ணி. “செத்த பிறகு சாமான் எடுக்க வந்த மகனிட்டை அந்த வசனத்தை அப்பிடியே சொல்லிக் கேட்டன். யன்னலைத் திறந்து விடுங்கோ எண்டு கேட்டிருக்கிறா. மூண்டு மாசம். நான் அந்த யன்னலுக்குப் பக்கத்திலதான் நிண்டு போர்வை மடிச்சனான்.” பிறகு சொன்னார்: “எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் தம்பி. நான் யன்னலைத் திற எண்டால் விளங்கிற ஒராள் வேணும்.”

இதைவிட எப்படிச் சொல்வது? இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் நான் அட்டவணை போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் குசினியில் கூடினோம். மகள் மியூனிக்கிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். அண்ணி ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் செய்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் நான் மடிக்கணினியைத் திறந்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அலுவலகத்துக்கு வரும் வாடிக்கையாளருக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாக விளக்கினேன். வங்கியில் வைக்கும் பணம் முடங்கிவிடும். கடனைக் கட்ட முடியாது, வங்குரோத்து என்று நாடே அறிவித்த காலத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம். விசா விதியை எந்த அரசாங்கம் எப்போது மாற்றும் என்று சொல்ல முடியாது. புதுப்பிக்க மாட்டோம் என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்குள்ள மருத்துவக் காப்புறுதி அங்கே செல்லாது. அறுபதைத் தாண்டிய, பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள ஒருவருக்குத் தனியார் காப்புறுதி கிடைப்பது குதிரைக்கொம்பு. மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். “அம்மா, அங்க உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? எனக்கு லீவும் இல்லை” என்றாள்.

அண்ணி திரையைக் கூர்ந்து பார்த்தார். சிவப்புக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“சரி தம்பி. இஞ்ச இருக்கிறதுக்கு எங்க போட்டிருக்கிறாய்?”

“எதுக்கு அண்ணி?”

“இஞ்ச இருந்தால் என்ன செலவு, என்ன ஆபத்து எண்டு.”

நான் சிரித்தேன். மகளும் சிரித்தாள். இங்கே என்ன ஆபத்து, எல்லாம் இருக்கிற இடம் என்று சொன்னோம். அண்ணி எழும்பித் தேநீர் போடப் போனார். அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

இனி, அட்டவணையில் நான் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். அப்போது என் அம்மா என்னுடன் இருந்தார். படுக்கையோடு இருந்தார். வாரத்தில் மூன்று நாள், தன் வேலை முடித்துக் களைத்த உடம்போடு அண்ணி நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். மாமியாரைக் குளிப்பாட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, தலை சீவிவிட்டுப் போவார். ஒரு சதம் வாங்கியதில்லை. வாங்கச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. அண்ணி போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? எனக்கும் மனைவிக்கும் அது கைவராத வேலை. என்னுடைய உண்மையான ஆபத்து அதுதான். அதற்கு நான் சிவப்பு நிறம் பூசவில்லை. மகளுக்கும் ஒரு காரணம் இருந்தது. பள்ளி விடுமுறைகளில் தன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து விட அவளுக்கு ஹம்மில் ஓர் இடம் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அண்ணியின் நன்மையைப் பற்றி அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். அதை நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது. அந்த விசாக் கட்டணம் அநியாயம், அந்த விதிகள் அநியாயம், துண்டுப் பிரசுரக்காரனின் கூலி பகற்கொள்ளை, எல்லாம் சரி. ஆனால் அவர்கள் தங்கள் விலையைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நாங்கள் எங்கள் விலையைச் சொல்லவே இல்லை.

அம்மா போன பிறகு, முப்பத்தொன்றாம் நாள் கிரியைகள் எல்லாம் முடிந்த பின், அண்ணி இன்னொரு முறை கேட்டார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. “தம்பி, அந்த விசா அலுவல்… இப்பவும் குடுக்கிறாங்களோ?” விதிகள் மாறப்போகின்றனவாம், அடுத்த வருடம் பார்த்துச் செய்வோம் என்றேன். விசாரித்துச் சொன்னதல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த மாதம் அலுவலகத்தில் வேலை கூட. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வருடம் வரவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்ற அண்ணி அப்படியே சரிந்தார். மூளையில் அடைப்பு. உடம்பின் வலது பக்கம் விழுந்துவிட்டது. டொக்டர்மார் நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. உயிர் தப்பியது. ஜெர்மன் மொழி தப்பவில்லை. இருபத்தெட்டு வருடம் கிழவர்களுடன் வாய் ஓயாமல் பேசிய அந்த மொழியில் ஒரு ‘நன்றி’கூட மிச்சமில்லை. தமிழ் மட்டும் இருந்தது, அதுவும் நாளுக்கொரு மாதிரி. தான் எங்கே இருக்கிறார் என்பது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது.

மகளின் வீடு சின்னது. எங்கள் வீட்டில் அம்மாவின் அறை காலியாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நானும் மனைவியும் ஒரு நாள் பேசினோம். மறுநாள் பேசவில்லை. அண்ணி ஹைமுக்குப் போனார். அவர் வேலை செய்த இடத்தில் இடமில்லை, காத்திருக்கும் பட்டியல் நீளம். நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது. காப்புறுதி கொடுப்பது போக மிச்சத்தை நாங்கள் மாதாமாதம் கட்ட வேண்டும். அண்ணியின் சேமிப்பிலிருந்துதான் கட்டினோம். டொலர் வைப்புக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த பணம் ஒரு வருடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. முடங்கிவிடும் என்று நான் பயமுறுத்திய அதே பணம். அங்கே அது வங்கியில் கிடந்திருக்கும்.

புதன்கிழமைகளில் நான் போகிறேன். சுத்தமான அறை. வேலை செய்கிறவர்கள் நல்ல பிள்ளைகள், கைநிறைய வேலையோடு ஓடித் திரிகிறார்கள். அண்ணி சொல்லக்கூடிய தமிழ்ச் சொற்களை அவர்களுக்காக ஜெர்மன் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தண்ணி, நோகுது, குளிருது, யன்னல். எதிரே ஜெர்மன். ஒட்டிய அன்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்படிப்பட்டவன் நான்.

சில வாரங்களாக அண்ணி ஒரே கேள்வியைக் கேட்கிறார். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடிப்பார். வாசலைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்பார்: “தம்பி, எனக்கு இஞ்ச எத்தினை நாள் விசா?” ஒவ்வொரு முறையும் எதையாவது சொல்லிச் சமாளித்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மகளிடம் கேட்கிறேன் என்றேன். பழைய பழக்கம்.

போன புதன்கிழமை அவருக்குத் தெளிவான நாள். என்னை அடையாளம் கண்டு, மெலிந்துவிட்டாய் என்றார். பிறகு கேட்டார். இந்த மனிசியிடம் இனியும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“உங்களுக்கு இஞ்ச விசா தேவையில்லை அண்ணி. நீங்கள் ஜெர்மன் பிரஜை. எவ்வளவு காலமும் இருக்கலாம்.”

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

“அப்ப இது ஒருநாளும் முடியாதோ?” என்றார்.

“இல்லை அண்ணி. முடியாது.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.