தோள் இறைச்சி கெடாத சன்னம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் முப்பது வருடம் வேட்டையாடிய ஒரு டெனிஷ்காரனுக்கு, பெரிய மானைச் சுடத் துப்பாக்கியில் எந்தச் சன்னம் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். இதை எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நாங்கள் டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊருக்கு அகதியாக வந்து இரண்டாம் வருடம், எண்பத்தாறு. இறைச்சித் தொழிற்சாலையில் அவன் எனக்கு மேலாள். முந்தின வருடம் தான் சுட்ட மானை உரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தான். எங்கள் ஊர் மரைமான் அளவு மிருகம். மன்னார்க் காட்டில் எத்தனை மரை உரித்த கை இது! கத்தியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு தோளும் இரத்தக்கட்டி. எலும்புத்துணுக்கும் மயிரும் கலந்து கிடந்தன. ஒரு வாளி இறைச்சி நாய்க்குப் போனது.

இந்த முறை பாதி மான் எனக்கு என்று அவன் ஒப்புக்கொண்டிருந்தான். மகளின் ஞானஸ்நான விருந்துக்கு மான்கறி என்று ஓகூஸ் நகரத்து ஆட்கள் வரைக்கும் நான் சொல்லியும்விட்டேன். ஆனால் அவன் வேட்டையாடும் காட்டில் வருடத்துக்கு ஒரு மான் சுடத்தான் அவனுக்கு அனுமதி. அதையும் சிதைத்தால் என் வாய்க்கு என்ன மரியாதை?

"இஞ்சேருங்கோ, நாப்பது பேருக்குச் சொல்லிப்போட்டியள். மான் இன்னும் காட்டிலை நிக்குது. நாலு கோழியாவது வாங்கி வையுங்கோவன்" என்றாள் மனைவி.

"கோழியோ? என்ரை பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கோ?"

நேரே மேலாள் வீட்டுக்குப் போனேன். அரைகுறை டெனிஷிலும் கைச்சாடையிலும் கதைத்தோம். முழுக்கச் செம்பு மூடிய சன்னம் போட்டால் நேரே துளைத்துப் போகும், இறைச்சி கெடாது என்றேன்.

"அது இஞ்சை வேட்டைக்குத் தடை. துளைச்சுக்கொண்டு போனால் மான் ஓடிப்போய் எங்கையாவது துடிச்சுச் சாகும்" என்றான்.

அதுவும் நியாயம்தான். அவன் மேசையில் கிடந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன்.

"உன்ரை சன்னம் பாரம் குறைஞ்சது, வேகம் கூடினது, மேல்செம்பும் மெல்லிசு. எலும்பிலை பட்ட உடனை பொடியாப்போகுது. பாரமானதா, செம்பு தடிச்சதா எடு. விரியவேணும், ஆனால் சிதறக்கூடாது."

அவன் நம்பவில்லை. தண்ணீரில் ஊறிய காகிதக்கட்டில் சுட்டுப் பார்ப்போம் என்றேன். அவன் வீட்டுப் பழைய பத்திரிகையெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தது. என் வீட்டுக்கு ஓடிவந்து என் டெனிஷ் பாடப்புத்தகத்தையும் இரண்டு வருடத்துத் தாள்களையும் அள்ளினேன்.

"ஐயோ, அதிலை ரீச்சர் தந்து நீங்கள் செய்யாத வீட்டுவேலையெல்லோ கிடக்கு?" என்றாள் மனைவி.

"அதுதானப்பா நல்ல தடிப்பாக் கிடக்கு!"

தாள்களை இரண்டு கட்டாக்கி, ஒன்றின் முன்னால் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டி ஊறவைத்தோம். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பன்றித் தோளெலும்பைக் கட்டினேன். மேலாள் தன் சன்னத்தை ஒரு கட்டிலும், கடையில் வாங்கிவந்த பாரமான சன்னத்தைப் புத்தகக் கட்டிலும் சுட்டான். அவனுடைய சன்னம் எலும்போடு சேர்ந்து மேல்தாள்களிலேயே தூளாகிவிட்டது. பாரமானது எலும்பை உடைத்து, வணக்கம் சொல்லும் பாடம், கடைக்குப் போகும் பாடம், பஸ் ஏறும் பாடம் எல்லாம் தாண்டிக் கடைசிப் பாடத்தையும் துளைத்து, பின்னாலிருந்த தாள்களில் காளான்போல் விரிந்து, முழுசாக இருந்தது. அந்தக் கடைசிப் பாடம் இரண்டு வருடத்தில் நான் எட்டாதது. மேலாள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ஒக்டோபரில் ஒரே வெடி. மான் பத்து அடி ஓடி விழுந்தது. மேலாள் சவுக்குப்போன்ற ஒரு ஊசியிலைக் கிளையை ஒடித்து, அவர்கள் வழக்கப்படி மரியாதைக்குக் கடைசிக் கவளமாக அதன் வாயில் வைத்தான். பிறகு நான் கத்தியை எடுத்தேன். காயத்தைச் சுற்றி உள்ளங்கை அகலம்தான் கெட்டிருந்தது. சன்னம் மற்றப் பக்கத் தோலுக்கடியில் காளானாக இருந்தது.

"ரெண்டு தோளும் தப்பிச்சுது!" என்று தமிழிலேயே கத்தினேன். மேலாளுக்கு விளங்கியது. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

விருந்துக்கு நாற்பது பேரென்று சொன்னோம், ஐம்பதுக்கு மேல் வந்தார்கள். கறி போதாமல் போகவில்லை. எனக்கு டெனிஷ் படிப்பிக்கிற ரீச்சரும் வந்து, உறைப்பில் மூக்கால் தண்ணீர் ஓட ஓட இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, என் புத்தகம் எங்கே, வீட்டுவேலை எங்கே என்று கேட்டார். காய்ந்து உப்பிப்போய், நடுவில் பெரிய ஓட்டையோடு இருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

என்னைவிட நல்ல டெனிஷ் கதைக்கும் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒண்டில் புத்தகம் தப்பவேணும், இல்லாட்டி இறைச்சி தப்பவேணும், ரீச்சர். உங்களுக்கு எது வேணும்?"

ரீச்சர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை நீட்டினார்.