மானின் நாக்கில் மாட்டிய கிளிப்

எங்கள் வனவிலங்கு மருத்துவக் குழுவில் டாக்டரின் உதவியாளாக இருந்த அக்காவுக்கு நாக்கக்கா என்று பெயர் வைத்தது நான்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஊர்வம்பைத் தவிர வேறென்ன வேலை? மயக்க ஊசி பட்டு மான் விழுந்ததும் டாக்டர் இதயத்துடிப்பைக் கேட்பார். அக்கா வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பாள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. நீலம் பாய்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது.

"உங்க நாக்கக்கா நம்ம வீட்டுக்கு வந்தா என் நாக்கையும் பாப்பாங்களா?" என்று கேட்பாள் என் மனைவி.

"உன் நாக்கை அளக்க இன்னும் மெஷின் வரல" என்பேன்.

அக்கா முன்பு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளியவள். நோயாளிக்கு மூச்சு முட்டினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், மான் வீட்டார் வரமாட்டார்கள் என்று சொல்லித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள்.

குவாரிக்காக மலையை உடைக்க ஆரம்பித்ததில் ஒரு மான்கூட்டம் உச்சியில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் வெடி, மறுபக்கம் வேலி போட்ட சாலை. ஒவ்வொன்றாக மயக்கி ஆற்றுக்கு அப்பாலுள்ள காட்டுக்குக் கொண்டுபோனோம். இடையில் இரண்டு செத்தன. இன்னொன்று செத்தால் வேலையை நிறுத்திவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மலையை உடைக்கிறவனிடம் கணக்குக் கேட்க ஆளில்லை, மூச்சைக் காப்பாற்றுகிறவளிடம் மட்டும் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று விழுந்தது ஒரு பெரிய கொம்பன் மான். பக்கவாட்டில் கிடந்தால் வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும் என்பதால் நெஞ்சு தரையில் பட உட்காரவைத்து, கழுத்தை நீட்டி, மூக்கில் சிலிண்டரின் குழாயைச் செருகினாள் அக்கா. ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை நாக்கில் மாட்டினாள். வெயில் கொளுத்தியது. மரங்களுக்கு நடுவே நீலத் தார்ப்பாயைக் கட்டினோம். அதன் கீழே எங்கள் கைகளே நீலமாகத்தான் தெரிந்தன.

கிளிப்போடு இணைத்த மெஷினில் எண் இறங்கியது. கிளிப் ஒரே இடத்தில் வெகுநேரம் கடித்தால் அங்கே ரத்தம் ஓடாமல் எண் பொய்யாக இறங்கும். விரல் அகலம் நகர்த்தினால் ஏறிவிடும். எத்தனையோ மான்களுக்கு அப்படித்தான் செய்திருந்தாள். நகர்த்தினாள். கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"கிளிப்தான் சார். கடிக்குது."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கால் காயத்துக்கு மருந்து போட்டார். எல்லாமே நீலமாக இருந்த இடத்தில் நாக்கின் நிறத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் தொட்டு நாக்கை நனைத்து, மூன்றாம் தடவையும் நகர்த்தினாள்.

மானின் விலா அசையாமல் நின்றது.

டாக்டர் பாய்ந்து வந்து மயக்கத்தை முறிக்கும் ஊசியைப் போட்டார். சிலிண்டரை முழுதாகத் திறந்தார். மாற்றி மாற்றி மார்பை அழுத்தினோம். நான் அழுத்திய இடத்தில் ரோமம் ஈரமாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "நானும் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலதிகாரிக்குப் போன் செய்தார். அந்தப் பேச்சு நீளவில்லை.

"சாமானை ஏத்துங்க. இனிமே வரவேண்டாமாம்" என்றார்.

மேலே பாறையோரம் மிச்ச மான்கள் காதை நிமிர்த்தி நின்றன. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சிலிண்டரின் திருகை மூடி, அதன் அளவு முள்ளைக் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, இதுல இன்னும் பாதிக்கு மேல இருக்குப்பா" என்றாள்.

சிலிண்டரின் மறுமுனையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன்.