வாய்க்காலுக்குக் கல் பாவிய வருஷம்

பூதப்பாண்டிக்குக் கீழே எங்கள் வாய்க்கால் ஒருநாளும் நேராக ஓடியதில்லை. வளையும், தேங்கும், மணலைக் குவித்துவிட்டு மறுபடி ஓடும். அந்த மணலுக்குள் ஓர் ஊரே குடியிருந்தது. சிப்பி, நத்தை, மணல்பொடியை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும் புழு. நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்களாக இருந்த காலம்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் வாய்க்காலை அடைப்பார்கள். வயல்வேலை இல்லாத அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு சிப்பியை நம்பித்தான் எரிந்தது. மிச்சத் தண்ணீரில் அம்மா நடப்பாள், குனிய மாட்டாள். கால்விரலால் மணலைத் துழாவி, விரலாலேயே இடுக்கி எடுப்பாள். சின்னது தட்டினால் மணலைத் தள்ளி மூடிவிடுவாள்.

ஒரு வருஷம் ஓவர்சியர் வந்தார். வளைவை வெட்டி நேராக்கி, அடியிலும் கரையிலும் கல் பாவப் போகிறார்களாம்.

"அப்பம் சிப்பி எங்க போவும், ஏமானே?" என்று அம்மா கேட்டாள்.

"சேத்துல கெடக்க பூச்சிக்கு நான் வீடு கெட்டிக் குடுக்கணுமாட்டி?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பூச்சியாம். அப்படியானால் அதைத் தின்று உயிர் வைத்திருந்த எங்களுக்கு என்ன பெயர்? அதை அவர் வாய் சொல்லவில்லை, பார்வை சொன்னது.

கல்லைச் சேர்க்கச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்குச் சிப்பி ஓடு வேண்டும். தோண்டிய மணலோடு வெளியே விழுந்த சிப்பியை உயிரோடே சூளைக்கு அள்ளிப் போனார்கள். வெந்து நீறாகி, தங்கள் வீட்டை அடைக்கும் பூச்சாகவே அவை திரும்பி வந்தன. இதற்குப் பெயர் மராமத்து.

அடுத்த அடைப்பில் அம்மா இறங்கினாள். விரலுக்குக் கல் தட்டியது, பாசி வழுக்கியது. மேலும் நடந்தாள். கல்தான்.

"என்ன மைனி, காலிச் சட்டியில அகப்பையப் போட்டுக் கிண்டுகியளா?" கரையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

அம்மா அன்றுதான் குனிந்தாள். கல்லிடுக்கில் பூச்சுக்குள் வேகாத ஓட்டுத் துண்டு ஒன்று மினுங்கியது. நகத்தால் நெம்பினாள், வரவில்லை.

"இந்தா கெடக்கு, நம்ம சிப்பி" என்றாள்.

அந்தப் போகத்துக்குத் தண்ணீர் விரசலாகப் பாய்ந்ததென்று பெரிய பண்ணைக்காரர்கள் தோவாளையிலிருந்து மாலை தருவித்து ஓவர்சியர் கழுத்தில் போட்டார்கள். எங்கள் வீட்டில் அன்று கஞ்சிக்கு உப்புதான் கறி.

மறுநாள் விடியுமுன் அம்மா கூடையை எடுத்தாள். இராஜாக்கமங்கலம் கடற்கரைக்கு, மட்டிச் சிப்பி பொறுக்க. அவ்வளவு தூரமா என்றேன்.

"கடலுக்கும் கல்லு பாவிருவானுவ, மக்கா. அதுக்கு முன்ன போயிட்டு வாறேன்."