காசிம் ஹாஜியார் காத்திருந்த காலை

எங்கள் அரிப்பு ஊர்க் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் கேட்டது. காசிம் ஹாஜியார் காலமாகிவிட்டார் என்றார்கள். பின்னேரம் ஜனாஸா அடக்கத்துக்குப் போனோம். மாதா கோயிற்காரரான நாங்கள் நாலைந்து பேர் மையவாடி வாசலிலேயே நின்றோம். அவருடைய மூத்த மகன் வந்து எங்களையும் உள்ளே கூட்டிப்போய் மண் போட வைத்தார்.

ஹாஜியாரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுதப் பழகி இரண்டு வருடம்தான். மெதுவாக வரும், ஆனால் வரும்.

எழுத்துத் தெரியாத காலத்தில் ஒரு மீன் முதலாளியின் தாளில் கைநாட்டு வைத்தேன். வலை வாங்க அவர் தந்த முற்பணத்துக்கு என்று நினைத்தேன். என் படகையே ஈடு வைத்ததாக அதில் எழுதியிருந்ததாம். படகு போனது. அதன் பிறகு பல வருடம் அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போனேன்.

பள்ளிவாசல் தரும நிதியை நடத்திய ஹாஜியார், படகில்லாத கடற்றொழிலாளிகளுக்குப் பங்குமுறையில் படகு கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். படகு நிதியுடையது, உழைப்பு எங்களுடையது, இலாபத்தில் ஆளுக்குப் பாதி. எங்களைப் போன்ற வேதக்காரருக்கும் உண்டு. பழைய படகு போன கதையை முழுவதும் கேட்டுவிட்டு, முதலில் எழுத்துப் படித்துவிட்டு வரச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

“அறுபத்தெட்டு வயசில பள்ளிக்கூடமா ஹாஜியார்? மீன் என்னட்ட எழுத்துக் கேக்காது.”

“மீன் கேக்காது அண்ணை. மீன் வாங்கிறவன் கேப்பான்.”

முதியவர்களுக்கு வகுப்பு நடத்தத் தருமக் காசை எடுக்கலாமா என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டாராம். “விளங்காத தாளில கைநாட்டு வைக்கிறவரும் ஏழைதான்” என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். என் மனைவி மரியாளும் வகுப்புக்கு வந்தாள். எனக்கு முன்பே வாசிக்கப் பழகி, என்னை வேண்டிய மட்டும் கேலி செய்தாள்.

படகுக்குக் கையெழுத்து வைக்கும் நாள் வந்தது. காலையிலேயே தாளை என் கையில் தந்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார் ஹாஜியார். யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றும் கூடியிருந்த நிர்வாகத்தாரிடம் சொன்னார். இரண்டு பக்கம். விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னொருவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். ஹாஜியார் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். திரும்ப வாசித்தேன்.

“கடல்ல படகு உடைஞ்சா முழு நட்டமும் எனக்கெண்டு கிடக்கு, ஹாஜியார். அப்பிடியோ?”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. யாரோ ஒரு கடைக் குத்தகைத் தாளைப் பார்த்து அந்த வரியை அப்படியே எழுதியிருந்தார்கள்.

“எங்கட முறையில உழைக்கிறவருக்கு அவர்ர உழைப்புத்தான் நட்டம். படகின்ர நட்டம் நிதிக்கு. அல்ஹம்துலில்லாஹ், எங்களைப் பாவத்தில விழாமல் காப்பாத்திப் போட்டீங்கள்.”

அந்த வரியை வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்துப் பேனையை என்னிடம் நீட்டினார். சந்தியோகு என்று என் பெயரை எழுதினேன். எழுதி முடிய, மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. அந்தப் படகில்தான் இன்றும் தொழிலுக்குப் போகிறேன்.

அந்தத் தாள் அலுமாரியில் இருக்கிறது, வெட்டிய வரியும் எங்கள் இருவரின் கையெழுத்துமாக. அதைவிடப் பெரிதாக ஒன்றை அவரிடமிருந்து வைத்திருக்கிறேன். வங்கியிலும் அரசாங்கக் கந்தோரிலும் தாளை நீட்டி “கெதியாக் கையெழுத்தை வையுங்கோ ஐயா, ஆக்கள் நிக்கினம்” என்று சொன்னால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்குகிறேன். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும். எனக்காக ஒரு காலை முழுவதும் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார்.